வுல்ஃப்வில் பக்கம் ஒரு குட்டி ஒயினரி: வெள்ளை அருமை, சிவப்பு வேண்டாம்

கனடா ஒயின் என்றாலே நயாகரா, ஒகனாகன் என்றுதான் பேச்சு வரும். கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில், அன்னாபொலிஸ் பள்ளத்தாக்கு என்று ஒரு திராட்சைப் பிரதேசம் இருப்பது எனக்கே போன அக்டோபரில்தான் தெரிந்தது. நாங்கள் போனது அங்கே வுல்ஃப்வில் ஊருக்குப் பக்கத்தில், கணவனும் மனைவியுமே ஒயின் தயாரித்து நடத்தும் சின்ன இடம். அறுவடை நேரம் வேறு, ஊற்றிக் கொடுத்தவர் கையில் திராட்சைக் கறை.

முதலில் வந்தது டைடல் பே என்ற வெள்ளை ஒயின். இது பிராண்ட் இல்லை, 2012-ல் இந்த மாகாணத்து ஒயினரிகள் கொண்டுவந்த ஒரு வகை: திராட்சை முழுக்க இங்கேயே விளைந்திருக்க வேண்டும், ஆல்கஹால் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு குழு லேபிள் பார்க்காமல் ருசித்து ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பெயரையே போட முடியும். முதல் வாயில் பல் கூசியது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் கூடவே வைத்த ஸ்காலப்பை (சிப்பி வகைக் கடலுணவு) கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தால், அடடா, அந்தப் புளிப்பு எதற்கு என்று புரிந்தது. பக்கத்து ஃபண்டி விரிகுடா, உலகத்திலேயே கடல்மட்டம் அதிகமாக ஏறி இறங்கும் இடம், கோடையைச் சூடேற விடாது. அதனால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பும் கரைந்து போவதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது லாக்கடி பிளாங்கில் செய்த நுரைக்கும் ஒயின். குளிர் தாங்கும், கனடாவில் உருவாக்கிய கலப்பினத் திராட்சை அது. பச்சை ஆப்பிள் வாசம், மெல்லிய நுரை, கடைசியில் லேசாக உப்புக் கரித்த மாதிரி ஒரு ருசி. ஆனால் ஆளுக்கு ஒரு பாட்டில்தான் தருவார்களாம். 2023 பிப்ரவரியில் திடீரென்று அடித்த கடுங்குளிரில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மொட்டுகள் கருகிப் போனதில் இவர்களுக்கும் பெரிய அடி, சரி, கேட்ட பிறகு முகம் சுளிக்க மனசு வரவில்லை.

சிவப்பு? மார்ஷல் ஃபோஷ் என்ற திராட்சையில் செய்தது. நிறம் மட்டும் மை மாதிரி, வாயில் வெறும் காடி. விட்டுவிடுங்கள்.

இடம் ரொம்பச் சின்னது, பத்துப் பேர் வந்தாலே நெரிசல், ஒரு சுற்றுலா வேன் வந்ததும் எங்களை அரை மணி நேரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். கார் ஓட்டப் போகிறவரை முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள், எங்கள் காரில் அதற்குத்தான் பெரிய சண்டை.