இரண்டு வருட ஊழியமா, நாற்பது நாள் ஜமாஅத்தா: வேலைக்கு எது பழக்குகிறது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் எனக்கு. ஆள் எடுக்கும்போது மார்க் ஷீட்டுக்கு முன்னால் ஒன்றைப் பார்ப்பேன். இருபது புடவையைப் பிரித்துக் காட்டிய பிறகு "வேண்டாம்" என்று எழுந்து போகிறவரிடம் இந்தப் பையன் முகம் கோணாமல் இருப்பானா? மதப்பணிக்குப் போய்வந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஆனால் எல்லாப் பணியும் ஒன்றையே பழக்குவதில்லை.

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவ சபையில், மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்கு ஆண்கள் 18 வயதிலிருந்து 24 மாதம் போகலாம், பெண்கள் 18 மாதம். எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபைதான் சொல்லும். செலவு பெரும்பாலும் தன் கைக்காசு, இல்லையென்றால் வீட்டுக் காசு. எப்போதும் கூடவே ஒரு துணை இருப்பார், அவரையும் சபையே அமர்த்தும். ஒத்துவராதவனோடு ஒரே வீட்டில் தங்கி, மறுநாள் வேலையை அவனோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். எந்தக் கல்லூரியும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. முன்பின் தெரியாதவர் கதவைச் சாத்துவதும் அன்றாடம் நடப்பதுதான்.

மண்ணடி, ராயபுரம் பையன்கள் போகும் தப்லீக் ஜமாஅத், அதாவது முஸ்லிம்களின் மார்க்கப் பணிக் குழு, வேறு மாதிரி. 3 நாள், 40 நாள், 4 மாதம் என்று சொந்தச் செலவில் போய்ப் பள்ளிவாசலில் தங்குவார்கள். காலையில் மஷூராவில், அதாவது கூடிப் பேசும் ஆலோசனையில், வேலையைப் பங்கு போடுவார்கள், கித்மத் என்கிற சமையல் பணிவிடை முறைவைத்து வரும். கடை முதலாளியும் மூட்டை தூக்குபவரும் ஒரே சஹனில் (பெரிய தட்டில்) சாப்பிடுவார்கள். குழுத் தலைவரான அமீர் வயதில் சின்னவராக இருந்தாலும் சொன்னதைக் கேட்க வேண்டும். ஆனால் இவர்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் தங்கள் சமுதாயத்தாரை. கதவு அவ்வளவு சீக்கிரம் சாத்தப்படாது.

வெளியூர் விற்பனைக்கு என்றால் அந்த இரண்டு வருடம்தான் கைகொடுக்கும். கடைக்கும் பட்டறைக்கும் ஜமாஅத் பழக்கமே போதும். அதோடு, சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் நம் ஏரியா வீடுகளில் 18 வயதுப் பிள்ளையை இரண்டு வருடம் விட முடியாது. 40 நாள் என்றால் லீவு சொல்லிவிட்டுப் போகலாம். பெண்கள் ஜமாஅத்தில் போவதானால் கணவரோ, தகப்பனார் போன்ற நெருங்கிய ஆண் உறவினரோ கூட வர வேண்டும். தனியாக நின்று பழக அங்கே இடம் குறைவு. கைத்தொழில் இரண்டிலும் கிடைக்காது, அதற்கு ஐ.டி.ஐ.தான்.

என்னிடம் வருகிறவர்கள் பயோடேட்டாவில் இதையெல்லாம் எழுதுவதே இல்லை. எழுதுங்கள் தம்பி. நான் மார்க்கத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். "கித்மத் அன்றைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தாய், அரிசி எவ்வளவு போட்டாய்?" என்றுதான் கேட்பேன். தடுமாறாமல் அளவு சொல்பவனை மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிடுவேன்.