சித்தப்பா பட்டறையை விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி? நான்கு வழிகளின் ஒப்பீடு

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் என் சித்தப்பா தரையில் பதிக்கும் கல்லைச் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைக்கும் அதே பூக்கல்தான். சூளையில் சுடுவதில்லை. அந்தப் பளபளப்பெல்லாம் கண்ணாடி கொடுப்பது.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய புதிதில், இந்தக் கல்லை முதலில் செய்தது எங்கள் குடும்பம்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே முகம் தெரியாத ஒருவர் அதை நீக்கிவிட்டார். கோபத்தோடு சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "நம்மளே நம்மள முதல்னு எழுதிக்கிட்டா, பக்கத்துப் பட்டறைக்காரர் என்னப்பா நினைப்பாரு?"

விக்கிப்பீடியர்கள் இதை நலமுரண் என்பார்கள். எழுதுபவருக்கும் எழுதப்படும் பொருளுக்கும் பணமோ உறவோ வேலையோ குறுக்கே நிற்பதுதான் நலமுரண். செட்டிநாட்டில் இது எளிதில் தீர்கிற சிக்கல் இல்லை. ஒரு வீட்டை, கோயிலை, தொழிலை நன்றாகத் தெரிந்தவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் பங்காளியாகவோ சம்பந்தகாரராகவோ அங்கே சம்பளம் வாங்குபவராகவோ இருப்பார். அவர்களை வாய் திறக்காதே என்றால் செய்தியே வராது. அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றால் கட்டுரை விளம்பரமாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நான்கு வழிகள் இருக்கின்றன.

நாமே நேரடியாகத் தொகுப்பது

தொகுப்பது என்றால் கட்டுரையில் நாமே எழுதித் திருத்துவது. வேகமான வழி இதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் இதை வலுவாகவே வேண்டாம் என்கிறது. ஆனால் முழுக்கக் கதவடைக்கவில்லை. எழுத்துப்பிழை, விஷமத் தொகுப்பு, உடைந்த இணைப்பு, உயிரோடு இருப்பவர் மீது ஆதாரமில்லாமல் எழுதிய அவதூறு ஆகியவற்றை உறவுக்காரரும் சரிசெய்யலாம்.

அதற்கு மேல் போனால் ஆபத்து பொய்யில் மட்டும் இல்லை. என் பழைய வரைவைத் திரும்பப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. பட்டறையின் வயது, வடிவங்களின் அழகு, வெளியூர் ஆர்டர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்ப்பவர்களின் கூலியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதத் தோன்றவில்லை. ஒரு வரியும் பொய்யில்லை, ஆனாலும் அந்தக் கட்டுரை சாய்ந்துதான் இருந்தது. வீட்டுக்காரர் கண்ணுக்குத் தன் வீட்டு விரிசல் தெரிவதில்லை.

காசு கொடுத்து எழுதவைப்பது

பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்களுக்கு, விக்கியில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று அழைப்பு வருகிறது. என்னிடம் இரண்டு பேர் யோசனை கேட்டார்கள். இருவரிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

2014 ஜூன் முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளின்படி, ஊதியம் பெற்று எழுதுபவர் தன் முதலாளி, வாடிக்கையாளர், தொடர்பு மூன்றையும் தன் பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்திலோ, திருத்தத்தோடு எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விடுதி மேலாளர் தன் வேலையின் பகுதியாக எழுதினாலும் இதே விதிதான். மறைத்துச் செய்பவர்கள் எதுவரை போவார்கள் என்பதற்கு 2015 ஒரு பாடம். அந்த ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பலைச் சேர்ந்த 381 கணக்குகள் தடைசெய்யப்பட்டன. நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப்பிடித்து, பக்கத்தை ஏற்றித் தருகிறோம் என்று சிறு வணிகர்களிடம் பணம் வாங்கினார்கள். பிறகு அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற மாதாமாதம் பணம் கேட்டார்கள். வெளிப்படையாக அறிவித்து எழுதுபவர் குற்றவாளி இல்லை. ஆனால் அப்படி அறிவிப்பவர் உங்களை முதலில் தொலைபேசியில் தேடிவருவது அபூர்வம்.

உறவைச் சொல்லி, உரையாடல் பக்கத்தில் கேட்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். "இந்தத் தொழில் செய்பவர் என் உறவினர்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு எந்த வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும், அதற்கு ஆதாரம் எது என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். கட்டுரையை நன்றாக ஆக்குங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

ஆதாரத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சறுக்குகிறார்கள். மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், குடும்ப வரலாற்று நூல் எல்லாம் நம் கையாலேயே நம்மைப் பற்றி அச்சிட்டவை. ஒரு தேதிக்கு உதவலாம், பெருமைக்கு உதவாது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது போன்றவற்றை உறவில்லாதவரும் சரிபார்க்க முடியும். அந்த வகை ஆதாரம் வேண்டும்.

இந்த வழியின் குறை காத்திருப்பு. ஆங்கிலத்தில் இத்தகைய வேண்டுகோள்களுக்குத் வார்ப்புரு என்னும் தனி ஆயத்தப் படிவமும் வரிசையும் உண்டு. தமிழில் ஆட்கள் குறைவு, வேண்டுகோள் கேட்பாரற்றுக் கிடக்கும். அப்போது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் போய் ஒருமுறை நினைவூட்டலாம். பதில் வரவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நாமே தொகுத்துவிடக் கூடாது.

படம் மட்டும் கொடுப்பது

பலருக்குத் தோன்றாத வழி, ஆனால் சண்டையே இல்லாதது. விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் களஞ்சியத்தில் நாம் எடுத்த படங்களை, யாரும் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற உரிமத்தில் ஏற்றலாம். கடைப்பெயர் முத்திரை போடாமல், அச்சு, கண்ணாடித் தட்டு, ஊறும் தொட்டி என்று செய்முறையைக் காட்டும் படங்களாக இருந்தால் யாரும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். பெட்டகத்தில் கிடக்கும் பழைய படங்களில் மட்டும் கவனம் தேவை. காகிதம் நம்மிடம் இருக்கிறது என்பதால் பதிப்புரிமையும் நம்முடையது ஆகிவிடாது.

அதனால் என் வரிசை இது: படம் முதலில், வேண்டுகோள் அடுத்து. பிழைதிருத்தத்துக்கு மட்டும் நேரடித் தொகுப்பு. காசு கொடுப்பது வேண்டாம்.

இரண்டாவது முறை நான் அப்படித்தான் போனேன். உறவைச் சொல்லி, செய்முறையைப் பற்றி மூன்று வாக்கியங்களும் கூலியைப் பற்றி ஒரு வாக்கியமும் ஆதாரத்தோடு கேட்டேன். ஐந்து வாரம் கழித்து ஒருவர் செய்முறையைச் சேர்த்தார், என் சொற்களில் பாதியை வெட்டிவிட்டு. கூலி வாக்கியத்துக்கு இன்னும் வலுவான ஆதாரம் கேட்டிருக்கிறார். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.