பிளிந்த் பீமை மண் மூடுவதற்குள் பார்த்துவிடுங்கள்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் வீடு கட்ட முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாங்கள் கட்டிய வீடு, இரண்டாவது மழைக்காலம் தாண்டுவதற்குள் சமையலறை மூலையில் விரிசல் விட்டது. ஜன்னலடியிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு கோடு; வெளிப்பூச்சின் அடியில் செம்பழுப்புக் கறை. "ஓதம்தான், வெள்ளையடித்தால் போய்விடும்" என்றார் கான்ட்ராக்டர்.

வெள்ளையடிக்கவில்லை. வேறொரு பொறியாளரை அழைத்து உடைத்துப் பார்த்தோம். நான்கு தட்டு தட்டியதுமே கான்கிரீட் பொருக்காகப் பெயர்ந்தது. தரைமட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீமின் அடிக்கம்பி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியைத் தூக்கி நிறுத்த வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் செங்கல் துண்டு. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் என்று போட்டிருந்தவை மூடிய சதுரங்கள் அல்ல, 'ப' வடிவில் வளைத்துச் சொருகிய கம்பிகள். ஒன்றை விரலால் நெருடினேன், ஏடு ஏடாக உதிர்ந்தது. சமையலறைப் பக்கம் இரு தூண்களுக்கு நடுவே பீமே இல்லை. செங்கல்லை அடுக்கிப் பூசியிருந்தார்கள். பில்லில் மட்டும் பீம் வீட்டை முழுதாகச் சுற்றி வந்திருந்தது!

தூண்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, ஒரு மூலை மட்டும் இறங்கிவிடாமல் சுவரைத் தாங்குவதுதான் பிளிந்த் பீமின் வேலை. மணற்பாங்கான எங்கள் தரையில் அந்தக் கட்டு எங்கே விட்டுப்போகிறதோ, அந்த இடம்தான் முதலில் வாயைப் பிளக்கும்.

அடுத்தது தண்ணீர். வாயில் வைத்தாலே கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்டிருக்கிறார்; லாரித் தண்ணீருக்கென்று தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறார். உப்பிலுள்ள குளோரைடு கம்பியின் மேலுள்ள காப்புப் படலத்தை அழித்துவிடும். துருவேறிப் பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கடலோரக் கட்டடத்துக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கலவையும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது. எங்கள் ஒப்பந்தத் தாளில் இதெல்லாம் அழகாகவே அச்சாகியிருந்தது.

கேட்கப் போனால், "அண்ணே, கடலோரத்தில் எந்த வீடு பெயராமல் இருக்கிறது?" என்றார். மிச்சப் பணத்தைக் கொடுத்தால் சரிசெய்து தருவாராம்.

கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் கொட்டவிடாமல் நிறுத்துங்கள். அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட் படுகை) இருக்கிறதா, கம்பி கவர் பிளாக்கின்மேல் நிற்கிறதா, ரிங் மூடி அதன் கொக்கி உள்ளே மடங்கியிருக்கிறதா, பீம் எல்லாத் தூண்களையும் தொடுகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்துப் படம் எடுங்கள். பார்ப்பவர் கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. தண்ணீரை ஆய்வகத்தில் கொடுங்கள். அதன் பிறகே அடுத்த தவணை.

முன்பணத்துக்கு முன்னால், அவர் இப்போது அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கும் வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து முடித்த வீடுகளை மட்டும் காட்டுகிறவர் என்றால் பணத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.