உரிம எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினோம்

நானும் கணவரும் முகம் கொடுத்துப் பேசியே எட்டு மாதம் ஆகியிருந்தது. கவுன்சலிங் போகலாம் என்று முடிவெடுத்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ‘ரிலேஷன்ஷிப் கோச்’ எண் கிடைத்தது. தமிழ் பேசுவார், மணிக்கு 180 டாலர். லைசென்ஸ் எண் கேட்டேன். “கோச்சுக்கு அதெல்லாம் தேவையில்லைம்மா” என்றார். அது உண்மைதான். ஆனால் நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் யாரிடம் போய் நிற்பது?

அப்புறம்தான் கலிஃபோர்னியா நுகர்வோர் விவகாரத் துறையின் லைசென்ஸ் தேடல் தளத்துக்குப் போனேன். காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, என்றைக்கு முடிகிறது, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா எல்லாம் வந்துவிடுகிறது. மணவாழ்க்கை, குடும்ப ஆலோசகர்களுக்கு 1963-லேயே உரிமச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, நாட்டிலேயே முதல்.

எல்எம்எஃப்டி (உரிமம் பெற்ற மணவாழ்க்கை, குடும்ப ஆலோசகர்) என்றிருந்தால் முழு உரிமம்: முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் 3,000 மணி நேரப் பயிற்சி, இரண்டு தேர்வுகள். அசோசியேட் என்றால் அந்த மணி நேரத்தை இன்னும் சேர்த்துக்கொண்டிருப்பவர். கட்டணம் குறைவு என்பதால் நாங்கள் அசோசியேட்டிடம்தான் போனோம். முதல் நாளே ஒரு தாள் தந்தார். தான் யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்றும், புகார் இருந்தால் இந்த உரிமங்களைக் கொடுக்கும் நடத்தை அறிவியல் வாரியத்துக்கு எழுதலாம் என்றும் அதில் இருந்தது. தன் மேல் புகார் சொல்லும் வழியை அவரே கையில் கொடுக்கிறாரே என்று அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

கணவர் வேலையாக டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குப் போயிருந்த வாரம் வீடியோவில் பேசலாமா என்று ஆலோசகரிடம் கேட்டோம். “டெக்சாஸில் எனக்கு உரிமம் இல்லை, அவர் திரும்பி வந்ததும் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆலோசகர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்ததும் அன்றைக்குத்தான்.

தளத்தில் ஒரு பெரிய குறை, தமிழ் பேசுபவர் யார் என்று தேட வழியே இல்லை. பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் ஆள் கிடைக்காமல் போகலாம். எங்கள் ஆலோசகர் பெயரைப் போட்டபோது முதலில் எதுவுமே வராமல் பயந்துபோனேன். திருமணத்துக்கு முந்தைய பெயரில் பதிவு செய்திருக்கிறார். அதனால் போனிலேயே உரிம எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எண்ணைப் போட்டால் உடனே வந்துவிடும்.