லுப்பெரோனில் படகை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கரீபியன் பகுதியில் உள்ள டொமினிகன் குடியரசின் வடகரையில் இருக்கிற லுப்பெரோனில் பாய்மரப் படகை விட்டுவிட்டுச் சில மாதம் வீட்டுக்குப் போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் இது நாலு பேருக்குத்தான் உபயோகப்படும், தெரியும். அந்த நாலு பேரும் ஏமாறக் கூடாது.

நானும் மனைவியும் 36 அடிப் படகொன்றில் குடியிருக்கிறோம். பஹாமாஸிலிருந்து கிழக்கே போர்ட்டோ ரிக்கோ பக்கம் போக வேண்டுமென்றால் கிழக்கிலிருந்தே வீசுகிற வியாபாரக் காற்று நாளெல்லாம் முகத்தில்தான் அடிக்கும். அதனால் அந்த வழியில் போகிறவர்கள் லுப்பெரோனுக்குள் நுழைந்து, காற்று தணிகிற ராத்திரிகளுக்காகக் காத்திருப்பார்கள். குறுகலான வாய், சுற்றிலும் மலை, உள்ளே அலையாத்திக் காடு. புயலுக்கு ஒளிந்துகொள்ளத் தோதான இடம் என்று பேர் வாங்கிய குடா. ஊர் சின்ன மீனவக் கிராமம். காலையில் யோலா படகுகள் மீனோடு திரும்பும், சாயங்காலம் கொல்மாதோ என்கிற பெட்டிக்கடைகளில் குளிர்ந்த பீரும் காதைக் கிழிக்கும் பச்சாட்டா பாட்டும். கொலம்பஸ் 1494-ல் அமைத்த லா இசபெலா குடியிருப்பின் மிச்சங்கள் பக்கத்தில்தான், மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மூன்று வாரம் என்று நுழைந்தோம், ஐந்து மாதம் ஓடிவிட்டது. பத்து வருஷமாக அங்கேயே மிதக்கிறவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் பரவாயில்லை.

2022 மே மாதம் மகளின் பிரசவத்துக்காக டொராண்டோ போக வேண்டி வந்தது. ஜூன் தொடங்கி நவம்பர் முடிய புயல் காலம். படகை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அந்தக் குடாவில் எங்களைப் போலவே படகில் வாழ்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், பல வருஷமாக அங்கே இருப்பவர், தினமும் காலையில் வி.எச்.எஃப். ரேடியோவில் படகுக்காரர்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும்போது முதல் ஆளாகக் குரல் கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை கறி சுடும்போது நடுநாயகமாக நிற்பவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மாதம் 150 டாலர், ஐந்து மாதத்துக்கு 750, மொத்தமும் முன்பணம். வாரம் ஒருமுறை படகைத் திறந்து காற்றாட விடுவது, பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஓட்டுவது, மாதம் ஒருமுறை அடிப்பக்கம் சுரண்டுவது, மூரிங் கயிறு தேயாமல் கவனிப்பது, மாதாமாதம் படம் அனுப்புவது என்று பேச்சு. தாளில் எதுவும் எழுதவில்லை. எங்கள் ஆள் என்கிற நினைப்பு, வேறென்ன.

இன்னொன்று, மூரிங்கும் அவருடையதுதான். மூரிங் என்றால் கடலடியில் ஒரு பாரம், அதிலிருந்து சங்கிலி, மேலே மிதவை. நங்கூரத்துக்குப் பதிலாக அதில் படகைக் கட்டுவோம். தெளிந்த நீரில் குதித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். லுப்பெரோனில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக, கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அடியில் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னதைத்தான் நம்ப முடியும். நம்பினோம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், படங்கள் ஒழுங்காக வந்தன. பேட்டரி மீட்டர் 12.7 காட்டியது, உள்ளே பளிச்சென்று இருந்தது. செப்டம்பர் 18 அன்று ஃபியோனா புயல் போர்ட்டோ ரிக்கோவில் தீவு முழுவதற்கும் மின்சாரத்தைப் பறித்தது, மறுநாள் டொமினிகன் குடியரசின் கிழக்கு முனையில் கரையேறியது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லாம் பத்திரம்" என்று அவரிடமிருந்து செய்தி, கூடவே ஒரு படம். நான் நிம்மதியாகப் படுக்கப் போனேன். மனைவிதான் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்தத் தாரைப் பாருங்க" என்றாள்.

படகின் பின்பக்கம் மே மாதம் நாங்கள் கட்டித் தொங்கவிட்ட வாழைத்தார், கிளம்பும்போது அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். செப்டம்பர் படத்தின் மூலையிலும் அது அப்படியே பச்சையாகத் தொங்கியது. நாலு மாதம் பழுக்காத வாழைக்காயை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதல் நாளே நாற்பது ஐம்பது படம் எடுத்து வைத்துக்கொண்டு மாதாமாதம் இரண்டு இரண்டாக அனுப்பியிருக்கிறார். மீட்டர் எப்போதும் 12.7 ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டதற்கு "அது புதுத் தார்" என்றார், அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

அக்டோபர் நடுவில் திரும்பினோம். சோலார் பலகை மேல் பறவை எச்சம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அதனால் சார்ஜ் இல்லை, பேட்டரி செத்துவிட்டது, பேட்டரி இல்லாததால் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பம்ப்பும் நின்றுவிட்டது. புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் உள்ளே வருவது எங்கள் மாதிரி பழைய படகில் சகஜம். நாலைந்து மாதச் சொட்டும் சேர்ந்து தரைப்பலகையைத் தொட்டிருந்தது. மெத்தை, துணி, புத்தகம் எல்லாம் பூஞ்சை. புரொப்பெல்லர் இருந்த இடத்தில் கொட்டலசு, அதாவது படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர், மண்டிய பந்து ஒன்றுதான் இருந்தது. அந்தக் குடாவில் கொட்டலசு படகைப் பிடிக்கும் வேகம் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் மாதாமாதம் சுரண்டக் காசு கொடுத்தேன். எண்ணெயை வடித்துவிட்டு உள்ளே வைக்கச் சொன்ன டிங்கி (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) மோட்டாரை அவர் ஊருக்குப் போய்வர ஓட்டியிருக்கிறார்.

படகு மிச்சமானது ஒரு யோலாக்காரரால். ஃபியோனா வருகிற வாரம், மூரிங்கிலிருந்து வருகிற எங்கள் கயிறு படகின் விளிம்பில் உரசி முக்கால்வாசி அறுந்திருப்பதைக் கடலுக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறார். தன்னுடைய கயிற்றைக் கொண்டுவந்து இரண்டாவது கட்டாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். புயல் கிழக்கே ஒதுங்கியதால் லுப்பெரோனில் பெரிய அடி இல்லை, ஆனாலும் அந்தக் கயிறு இல்லையென்றால் படகு அலையாத்திக்குள் கிடந்திருக்கும். பணம் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே கையைத் தள்ளிவிட்டார். கயிறு மட்டும் புதிதாக ஒரு சுருள் வாங்கிக்கொண்டார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படகுக்காரர்கள் கூடினாலே "உள்ளூர்க்காரனை நம்பாதே" என்றுதான் பேச்சு தொடங்கும். எங்கள் பணத்தைத் தின்றது உள்ளூர்க்காரர் இல்லை.

நேரில் கேட்டபோது அவர் முகம் கோணவில்லை. "இது லுப்பெரோன், இங்கே எல்லாப் படகும் இப்படித்தான் ஆகும்" என்று தோளைத் தட்டினார். ரேடியோவில் சொல்லலாம் என்றால் யாரும் ஆதரிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டும். அப்புறம் மூன்று பேர் தனித்தனியாக வந்து, எனக்கும் இதேதான் நடந்தது என்று காதோடு சொன்னார்கள். முதலிலேயே வாயைத் திறந்திருந்தால் என் 750 டாலரும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போன அதற்கு மேலான பணமும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோபம்தான் இந்தப் பதிவு.

அடுத்த முறை முன்பணம் கிடையாது, மாதம் முடிந்த பிறகுதான் காசு. படம் வேண்டாம், வீடியோ அழைப்பில் அவர் படகுக்குள் நின்று நான் சொல்கிற மூடியைத் திறந்து காட்ட வேண்டும். மூரிங்கை முங்காளியை விட்டுக் கையால் தடவிப் பார்க்கச் சொல்வேன், கயிறு இரண்டு, இரண்டும் என்னுடையவை, உரசுகிற இடத்தில் ரப்பர் குழாய். சாவி ஒன்று அந்த யோலாக்காரர் வீட்டில் இருக்கும்.

படகைச் சரி செய்து, கடற்படை அலுவலகத்தில் தெஸ்பாச்சோ என்கிற கிளம்பும் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு ஜனவரியில்தான் கிளம்ப முடிந்தது. கிளம்பிய அன்று காலையும் அவர் ரேடியோவில், ஊருக்குப் போகிறவர்கள் படகைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் இங்கே போடவில்லை. போகிறவர்கள் தனிச் செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.