‘டிஸ்க் போய்விட்டது’ என்றார். என் டிஸ்கையே எனக்கு விற்றார்

என் மடிக்கணினியில் நான்கு ஆண்டுகளாக இருந்த எஸ்எஸ்டியை, அதாவது கோப்புகள் எல்லாம் சேமிக்கப்படும் டிஸ்கை, முழுவதுமாக அழித்து, அதையே புதியது என்று சொல்லி, என்னிடமே 4,800 ரூபாய்க்கு விற்றுவிட்டார் ஒரு கடைக்காரர். விண்டோஸ் நிறுவும்போது சிக்கல் வந்து கடைக்கு ஓடும் நிலையில் நீங்கள் இருந்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் திருச்சியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிவிடலாம் என்று முடிவு செய்தேன். மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருளைக் கொண்டே 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்தேன். சி டிரைவை மட்டும் அழிப்பது, வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் இருக்கும் டி டிரைவைத் தொடாமல் விடுவது என்பதுதான் திட்டம். ஆனால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் ஒரு டிரைவும் இல்லை. பட்டியல் காலியாக இருந்தது. டிரைவ் எதையும் காணவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும் என்று ஒரு வரி மட்டும் வந்தது. டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்.

பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினேன். பழைய விண்டோஸ் வழக்கம்போல எழுந்தது. அதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். காலையில் ஓடிய டிஸ்க் மதியம் எப்படிச் செத்துப்போகும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். அவர் அதே காலிப் பட்டியலை எனக்குக் காட்டி, “பாருங்கள் மேடம், டிஸ்கே தெரியவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்” என்றார். டி டிரைவில் உள்ளவை என்ன ஆகும் என்று கேட்டதற்கு, செத்த டிஸ்கிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மாலையில் வரச் சொன்னார்.

மாலையில் எஸ்எஸ்டிக்கு 4,800, விண்டோஸுக்கு 1,200, டிரைவர் போட்டதற்கு 500 என்று மொத்தம் 6,500 ரூபாய் வாங்கினார். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பழைய எஸ்எஸ்டியைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, டச்பேட் அசையவில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், டிரைவர் இல்லை என்பதைக் காட்டும் மஞ்சள் அடையாளங்கள் வரிசையாக நின்றன. மறுநாள் என் அக்கா மகன் வந்தான். கணினிப் பராமரிப்புதான் அவன் வேலை. கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தைக் கொடுத்தான். ஒரு மவுஸைச் செருகினான். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் என் மாடலுக்கு உரிய டிரைவர்களை இறக்கினான். இன்டெல் சீரியல் ஐஓ டிரைவரைப் போட்டதும் டச்பேட் உயிர்பெற்றது. வைஃபையும் ஒலியும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டன. 500 ரூபாய் வாங்கியவர் செய்யாத வேலை இது.

பிறகு எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சித்தி, புது டிஸ்க் என்றா சொன்னார்?” என்று கேட்டான். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியிருக்கிறது என்று காட்டும் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற இடத்தில் 5,412 என்று இருந்தது. நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்கில் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் வந்தபோது இதே மென்பொருளில் எடுத்த படம் ஒன்று அவன் கைப்பேசியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே மாடல். அதே சீரியல் எண், கடைசி எழுத்து வரைக்கும்.

நடந்தது இதுதான். 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியானது விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக இயங்குகிறது. அதற்கான டிரைவர் தொழிற்சாலையில் போட்ட விண்டோஸில் இருக்கும். நாம் தயார் செய்யும் பென்டிரைவில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பட்டியல் காலியாகிறது. டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை இறக்கி, பிரித்தெடுத்த கோப்புறையாகப் பென்டிரைவில் வைக்க வேண்டும். இறக்கிய கோப்பை அப்படியே வைத்தால் பயன் இல்லை. அந்தத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் டிரைவ்கள் எல்லாம் வந்துவிடும். டி டிரைவும் அப்படியே கிடைக்கும்.

இன்னொரு வழி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் விஎம்டியை அணைப்பது. கடைக்காரர் இதைத்தான் செய்திருக்கிறார். பயாஸில் போய்ப் பார்த்தோம், அணைந்தே கிடந்தது. அணைத்ததும் என் டிஸ்க் அவர் கண்முன் முழுதாக வந்து நின்றிருக்கும். டி டிரைவையும் அதன் பெயரையும் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் எல்லாப் பகுதிகளையும் அழித்தார். பணம் போனதைவிட இதுதான் என்னால் தாங்க முடியாதது.

பயாஸில் கைவைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே விஎம்டியை அணைத்தால் ‘இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத் திரை வரக்கூடும். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஎம்டியை மறுபடி இயக்கிவிட்டால் விண்டோஸ் எழும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து எழுதி வையுங்கள்.

விண்டோஸுக்கு வாங்கிய 1,200 ரூபாயும் ஏமாற்றுதான். என் கணினி ஹோம் பதிப்போடு வந்தது. அதன் உரிமம் பயாஸிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். அவர் புரோ பதிப்பைப் போட்டு, திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றை ஓடவிட்டு, அதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் முடக்கியிருந்தார். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஹோம் பதிப்பையே நிறுவினோம்.

கடையில் கொடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியின் மாடலும் சீரியல் எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அப்படி ஒரு படம்தான். பாகம் மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். புதியதன் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான்.

இரண்டு படங்களையும் அச்சிட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் மாற்றி வைத்திருப்பான் என்று சொல்லி 2,000 ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

டி டிரைவில் இருந்தவற்றை மீட்க முடியவில்லை. எஸ்எஸ்டியில் பகுதிகளை அழித்துப் புதிதாக ஃபார்மட் செய்த பிறகு மீட்பு மென்பொருளுக்கு அநேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய மாணவிகள் சிலர் வைத்திருந்த அச்சுப் பிரதிகளை வாங்கி, வினாத்தாள்களை மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்தொன்பது முடிந்திருக்கின்றன.