மகளுக்கு ஹாக்கி கிளப் தேடிய கதை

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையிலும் நடந்தன. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வந்த என் 11 வயது மகள், அன்றிரவே மட்டை கேட்டாள்.

முதலில் சேர்த்த கிளப்பில் வாசலிலேயே கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நானும் மயங்கிவிட்டேன். ஒரு போட்டி முழுக்க என் பிள்ளை களத்தில் நின்றது 4 நிமிடம். ஹாக்கியில் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அப்படியிருந்தும்! கேட்டால், "ஜெயிக்க வேண்டாமா சார்?" என்றார்கள்.

இப்போது போகும் இடம் வெறும் மண் தரை. காலை 5.30க்கு நிற்க வேண்டும். கணைக்கால் கார்டும் பல் கார்டும் இல்லாமல் கோச் உள்ளே விடமாட்டார். பந்தை மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் தொட வேண்டும் என்பதால், இடப்பக்கம் வரும் பந்துக்கு மட்டையைத் திருப்பிப் பிடிப்பதையே மூன்று வாரம் பழக்கினார். கோப்பை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சரி, எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

குறை ஒன்றுதான்: செயற்கைப் புல்தரைக்கு மாதம் ஒருமுறைதான் கூட்டிப் போகிறார்கள். மண்ணில் துள்ளித் துள்ளி வரும் பந்து, தண்ணீர் தெளித்த அந்தத் தரையில் வழுக்கிப் பறக்கிறது. முதல் நாள் பந்து தாண்டிப்போன பிறகுதான் இவள் மட்டையே கீழே இறங்கியது.